வரும்போது ஒன்றேமுக்கால் மணி நேரம்

எங்கள் விமான டிக்கெட் அலுவலகத்தில் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்று கேட்டால், கணினியைத் தொடாமலே சொல்லிவிடுவார். யாராவது ஐந்து நிமிடம் கூட்டிச் சொன்னால் திட்டு விழும். பக்கத்து மேசையில் பதினொரு வருடமாக வாங்கிக் கட்டிக்கொள்பவள் நான்.

அவருடைய ஒரே மகள் வேலை பார்க்கும் ஊர் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாலேகால் மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். இங்கே காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் அங்கே மூன்றேமுக்கால் என்று இருக்கும். அங்கே மாலை ஐந்துக்குக் கிளம்பினால் இங்கே ஆறேமுக்கால்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா டிக்கெட்டைப் பார்த்துத் தானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "போறதுக்குத்தான் ஏழு மணி நேரம் இழுக்குது. வர்றதுக்கு ரெண்டு மணி நேரம்கூட இல்ல. வீட்டுக்குன்னா பிளேனுக்கும் கால் வேகமா வருது போல" என்பாள். மணிக்கூண்டு சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஊரையே திருத்துகிற மனுஷன், இதை மட்டும் திருத்தவில்லை. மகளை அனுப்பிவிட்டு அழுதவளுக்கு அது ஆறுதலாக இருந்ததாம்.

நுரையீரலில் நீர் கோத்து அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மகளைக் கூப்பிடலாம் என்றேன். அக்கா கையமர்த்தினாள்.

"கூப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல வந்து நிக்கப் போறா. இப்பவே எதுக்குப் புள்ளையப் பயமுறுத்தணும்?"

அவரும் தலையாட்டினார். தெரிந்தும் தலையாட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. மூன்று நாள் அப்படியே போயிற்று.

நான்காம் நாள் டாக்டர் கைவிரித்த பிறகுதான் மகளுக்குப் போன் போனது. மதியம் இரண்டரைக்கு அவர் அக்காவின் காதருகே குனிந்து, "பிளேன் கிளம்பிடுச்சு" என்றார்.

"அப்ப ஒன்னேமுக்கா மணி நேரந்தான், நாலேகாலுக்கு வந்துடுவா. அதுவரைக்கும் மூச்சப் புடிச்சு வெச்சுக்கறேன்" என்றாள் அக்கா. அந்த நிலைமையிலும் அவளுக்குக் கிண்டல்.

ஆறேமுக்கால் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானும் பேசாமல்தான் நின்றேன்.

நாலேகாலுக்கு அக்கா தலையைக் கதவுப் பக்கம் திருப்பினாள். நாலரைக்கு, "எங்க அவ?" என்று கேட்டாள்.

"வந்துட்டா. கீழ லிஃப்ட்டுக்கு நிக்கிறா" என்றார் அவர்.

லிஃப்ட் வர எவ்வளவு நேரம்தான் ஆகும்? ஐந்து மணிக்கு அக்கா எதுவும் கேட்கவில்லை. ஐந்தேகாலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டு மணிக்கு மகள் பெட்டியோடு ஓடி வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்: "அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா?"

"நாலேகால்லேருந்து கதவையே பாத்துக்கிட்டு இருந்தாம்மா."

மகள் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப நான் பாதி வழிகூட வரலையேப்பா. யாருப்பா அவங்ககிட்ட நாலேகால்னு சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.