ஜூடியின் ரத்தத்தில் ஓடிய வண்டிகள்

எதையும் துறைமுகத்துக் கணக்கில் சொல்வதுதான் வில்சனுக்குப் பழக்கம். ராயபுரத்தில் பிறந்து, கப்பல் சரக்கை லாரியில் ஏற்றியே முதுகு வளைந்த ஆள்; வேறு எப்படிப் பேசுவான்? ஆனால் அன்றைக்கு மட்டும் அவன் வாயைக் கட்டியிருக்கலாம்.

அவன் மனைவி ஜூடிக்கு முப்பது வயதுக்குள்ளேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. குழந்தை இல்லை. மாதா சிலை நிற்கும் கெபியில் பிள்ளை வேண்டி அவள் கட்டிவிட்டு வந்த மரத்தொட்டில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, இப்படிப்பட்ட பெண்களின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற சுரப்பு எப்படிப் பயணம் செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜூடியும் ரத்தம் கொடுத்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "அந்தச் சுரப்புல கொஞ்சம் கொழுப்போட சேர்ந்துக்கும்மா. கொழுப்பு தண்ணியில கரையாதில்ல? அதனால புரதம் போர்த்தின குட்டிக் குட்டிக் கொழுப்பு உருண்டைங்க ரத்தத்துல ஓடும். இதுவும் அதுல ஏறிப் போகும். உன் ரத்தத்துலயும் துளியூண்டு இருக்கு. ஆனா சினைப்பை சுரக்கறதை நிறுத்திடுச்சு."

கடைசிச் சொல்லை ஜூடி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை; பக்கத்தில் நின்ற வில்சன் கேட்டான். திரும்பும் பஸ்ஸில் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"என் ரத்தத்துலயும் துளி கீதாமே! அப்ப ஏன்யா வேலை செய்ய மாட்டேங்குது?"

அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! அதைக் கெடுக்க வில்சனுக்கு மனம் வரவில்லை. "வண்டி பத்தலமே. ஹார்பர்ல சரக்கு கெடக்கும், லாரி வராது. அப்புறம் எப்டிப் போய்ச் சேரும்?" என்று அடித்துவிட்டான்.

ஜூடி அதைப் பிடித்துக்கொண்டாள். கொழுப்புதான் வண்டி என்றால் வண்டிக்கு என்ன பஞ்சம்? நெய், ஆட்டுக்கொழுப்பு, வெள்ளையாகப் பார்த்து வாங்கிய பன்றிக்கறி. கறி என்றாலே குமட்டுகிறவள், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். அது திருச்சபையின் ஜூபிலி வருஷம்; ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். வெள்ளிக்கிழமை கறி தொடாத தெருவில், இவள் வீட்டில் மட்டும் அடுப்பில் கறி கொதித்தது. அக்கம்பக்கத்தார் அவளை வாயில் போட்டு மென்றார்கள்.

"மாதா கோச்சிக்க மாட்டா. எதுக்குன்னு அவளுக்குத் தெரியும்," என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட வில்சன் பலமுறை வாயெடுத்தான். அவள் அடுப்படியில் ஏதோ பாடிக்கொண்டிருப்பாள். பேசாமல் வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

அடுத்த சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்டால்தானே? வண்டிகளை டாக்டரம்மா கண்ணாலேயே பார்க்கட்டும் என்று, ஒரு தட்டுக் கறியைத் தின்றுவிட்டுத்தான் கிளம்பினாள்.

டாக்டரம்மா குழாயைத் தூக்கிப் பார்த்தார். ரத்தத்துக்கு மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர், கஞ்சித்தண்ணீராக வெளுத்திருந்தது.

"சாப்ட்டுட்டா வந்தே?"

"வண்டி நெறைய கீதா, டாக்டரம்மா?" என்று ஜூடி ஆசையாகக் கேட்டாள்.

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. வில்சன்தான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். அவர் குழாயைக் கீழே வைத்தார். பிறகு ஜூடியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டிக்கு எப்பவும் குறையே இல்லம்மா. ஏத்தறதுக்குத்தான் சரக்கு இல்ல. இனிமேலும் வராது. இந்தக் கொழுப்பு உன் நெஞ்சைத்தான் அடைக்கும்."

ஜூடி அழவில்லை. திரும்பி வில்சனைப் பார்த்தாள்.

"உனுக்குத் தெரியும்ல?"

பாவி, பஸ்ஸில் அத்தனை சுலபமாக வந்த பொய், அப்போது வந்திருக்கக் கூடாதா?

அன்று மதியம் அவள் தனக்கு ரசம் மட்டும் வைத்துக்கொண்டாள். சட்டியில் மிச்சமிருந்த கறியையெல்லாம் வழித்து அவன் தட்டில் போட்டாள்.

"நீயே துன்னுயா. எனுக்கு இது எப்பவுமே புடிக்காது."

அது அவனுக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்தே தெரியும். வில்சன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துண்டு விடாமல் தின்றான்.