குப்ஃபர் செல்லுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது

செல் வளர்க்கும் தொழிலில் நமக்குக் காய்ச்சல் வரலாம், செல்லுக்கு வரக்கூடாது. காட்பாடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக எலியின் கல்லீரல் செல்களோடு மாரடிக்கிறேன். பி.எச்டி. என்ற பெயரில் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரே பரிசோதனை மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால்தான் தீசிஸ். அதுவரை வேலை, கல்யாணம், தூக்கம் எல்லாம் வரிசையில் நிற்கும். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் இன்குபேட்டரும்.

ஈரல் டாக்டர்

ஆம்பூரில் எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பட்டம். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் சித்தப்பா ஒரு நாள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். ஈரலில் கொழுப்பு என்று போட்டிருந்தது. என் பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்று ஆரம்பித்துவிட்டேன். "ஈரலுக்குள்ள குப்ஃபர் செல்னு காவல்காரங்க இருக்காங்க சித்தப்பா. குடல்லேருந்து கிருமியோட நஞ்சு வந்தா அவங்கதான் மொதல்ல பாப்பாங்க. பக்கத்துல இருக்குற ஈரல் செல்லத் தட்டி எழுப்பி, நைட்ரிக் ஆக்சைடு தயார் பண்ண வைப்பாங்க. அளவா இருந்தா காப்பாத்தும், ஜாஸ்தியானா ஈரலையே கெடுக்கும். போதும்னு அடக்குறதுலயும் அவங்களுக்குப் பங்கு உண்டு."

சித்தப்பா கண் இமைக்காமல் கேட்டார். எனக்கே பெருமையாக இருந்தது. முடித்ததும் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா, ஞாயித்துக்கெழம பிரியாணி சாப்டலாமா, கூடாதா?"

எல்லாமே ரோஸ்

என் பரிசோதனை எளிமையானது. ஒரு தட்டின் குழிகளில் ஈரல் செல் தனியாக, காவல் செல் தனியாக, இரண்டும் சேர்ந்து என்று வளர்ப்பேன். பாதிக் குழிகளில் கிருமியின் நஞ்சைப் போடுவேன். பிறகு ஒரு மருந்து ஊற்றினால், நைட்ரிக் ஆக்சைடு உண்டாகி நைட்ரைட் உப்பாக மாறியிருந்த குழி ரோஸ் நிறமாகும்.

மூன்றாவது வருடம், நஞ்சு போடாத குழிகளும் ரோஸ். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், சுத்திகரிப்பு மெஷின் ரிப்பேரான கோடையிலிருந்து நான் பாட்டில்களைக் குழாய்த் தண்ணீரில் அலசியிருக்கிறேன். அந்தத் தண்ணீரில் வெறுமனே மருந்தை ஊற்றினேன், ஜம்மென்று ரோஸ் ஆனது; தண்ணீரிலேயே அந்த நைட்ரைட் இருந்திருக்கிறது. என் கைடு மேடம் திட்டவில்லை. என் நோட்டை மூடிக் கையில் கொடுத்தார்: "எட்டு மாசமா நீ அளந்தது ஈரல இல்லம்மா, நம்ம போர்வெல்ல."

பண்டிகைச் சாப்பாடு

மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவைக்கு எலி தயாரான நாள் டிசம்பர் இருபத்து மூன்று. செல்லுக்குத் தினமும் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும், காலண்டர் பார்த்தெல்லாம் அது சாப்பிடாது. ரயிலில் ஏறினால் ஆம்பூர் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் போர்வெல்லுக்குப் பிறகு, தட்டை ஒப்படைத்துவிட்டுப் போக எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை, என்மேல் உட்பட.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து அம்மா போன் செய்தாள். ஹாஸ்டல் மெஸ் மூடியிருந்தது. பன்னும் டீயும் ஆச்சு என்றேன். "ஒரு நாள் பட்டினி போட்டா செத்தா போய்டும் உன் செல்லுங்க?" என்றாள். பாழாய்ப்போகும்மா, ஆறு வருஷமும் சேர்ந்து போகும் என்றேன். பின்னால் சித்தப்பா பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அம்மா அவர்களைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "சரி, அதுங்களாவது நேரத்துக்குச் சாப்டட்டும்."

மூன்றாவது தடவை

மறுநாள் மத்தியானம் மருந்தை ஊற்றினேன். ஈரல் செல் தனியாக இருந்த குழிகளில் நஞ்சு போட்டும் நிறமே இல்லை. காவல் செல்லோடு இருந்து நஞ்சு வாங்கியவை நல்ல ரோஸ். வந்துவிட்டது! தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வராண்டா முழுக்க நடந்தேன். எல்லா அறையும் பூட்டு. மேடம் போனை எடுக்கவில்லை. சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் அழுகை வந்தது.

யு.பி.எஸ். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் அகப்பட்டார். அவரிடம் தட்டைக் காட்டி, எது தனியாக இருந்தது, எது சேர்ந்து இருந்தது என்று முழுதும் சொன்னேன். பொறுமையாகக் குனிந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "அதான் நல்லா வந்துடுச்சே, இன்னும் யாருக்கும்மா இங்க ஒக்காந்துனு இருக்கே?"

ஈரல் செல் தனியாக இருந்தால் ஒன்றும் செய்யாது என்று நிரூபிக்க, நான் ஆறு வருடம் தனியாக இருந்திருக்கிறேன்.