முகம் இல்லாத கட்டங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு எட்டு எம்.எம். சினிமா கேமரா இருந்தது. வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. ஒரு ரோல் மூன்று நிமிடம் ஓடும். கழுவுவதற்கு பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ரோல். அதனால் பிலிம் கிளப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே தாளில் கட்டம் போட்டு வரைந்துவிட வேண்டும். ஸ்டோரிபோர்டு என்று அதற்குப் பெயர். கட்டத்தில் இல்லாததை எடுக்கக் கூடாது.

கதை என்னுடையது. ஆகவே டைரக்டரும் நான், வரைய வேண்டியவனும் நான். காவிரிக்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு பெண் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள்; அவன் வரவில்லை; எழுந்து போய்விடுகிறாள். அந்த வயதில் அதற்குமேல் கதை தேவைப்படவில்லை.

எனக்கு வரைய வராது. பள்ளியில் என் சயின்ஸ் ரெக்கார்டில் இருந்த தவளையும் செம்பருத்தியும் அக்கா போட்டுக் கொடுத்தவை. படிக்கட்டு, கால், கை, பின்னல் தொங்கும் முதுகு, இதெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். முகம் போட்டால் மட்டும் திருஷ்டிப் பூசணிக்காய் வந்து நின்றது. கிழித்துப் போட்டுவிட்டு, முகமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அக்காவிடம் கேட்டிருக்கலாம். டைரக்டர் ஆனபிறகும் அக்காவிடம் போய் நிற்பதா என்ற வீறாப்பு. நண்பர்கள் கேட்டபோது, "அதுதான்டா ஸ்டைலு" என்று அளந்துவிட்டேன்.

நடிக்கப் பெண் கிடைக்கவில்லை என்றதும் அதற்கும் அக்காதான். பள்ளி நாடகங்களில் பரிசு வாங்கியவள். பெரியவளான பிறகு மேடை எதற்கு என்று அப்பா நிறுத்திவிட்டார். தை மாதம் அவளுக்குக் கல்யாணம், அப்புறம் மாப்பிள்ளையோடு நாக்பூர் என்று நிச்சயமாகியிருந்தது.

"போறதுக்குள்ள ஒரு தடவ என் மூஞ்சிய திரையில பாத்துடறேன்டா" என்றாள். அவளே அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். அவன் வரவில்லை என்று தெரியும்போது முகம் எப்படி மாற வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், படத்தில் முகம் வராது என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

படித்துறையில் காலை வெயிலில் ஆரம்பித்தோம்.

"இப்ப முகமாடா?"

"இல்லக்கா, கால்."

பிறகு கை. பிறகு முதுகு.

"முகம் எப்படா?"

"வரும்க்கா."

கடைசியில், எழுந்து போவதற்கு முன்னால், அவளே திரும்பி கேமராவைப் பார்த்தாள். பழகி வைத்திருந்த முகம் அது. அழவில்லை, அழாமல் இருக்கப் பாடுபடுவது தெரிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கேமரா பிடித்த நண்பன் மெதுவாக, "ரோலு கொஞ்சம் மிச்சம் இருக்குடா, எடுக்கட்டுமா?" என்றான்.

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். "கட்டத்துல இல்ல" என்றேன். மீறினால் யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த முகத்தை எடுத்தால் என் ஸ்டைல் பொய்யாகிவிடும். மிச்ச ரோலில், வரைந்திருந்தபடி, ஆற்றை எடுத்தோம். காவிரி எங்கும் போய்விடப் போவதில்லை, அக்காதான் போகப்போகிறாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

படம் கழுவி வந்து, கல்லூரி ஹாலில் திரையிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் அக்கா கூட்டிவந்திருந்தாள். முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, முகமில்லாத இந்தப் பெண் எல்லாப் பெண்களுக்கும் குறியீடு என்று பாராட்டினார். நான் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். கைதட்டலுக்குக் கும்பிடுகூடப் போட்டேன்.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு அம்மா அக்காவிடம், "நீ நடிச்சிருக்கேன்னுதானே கூட்டிட்டு வந்த? உன்னையே காணோமே?" என்று கேட்டார்.

"அந்தக் காலு என்னுதுதாங்க. கொலுசப் பாத்தீங்கல்ல?" என்று சிரித்தாள் அக்கா. அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, வீட்டுக்குத் திரும்ப திருவானைக்காவலுக்கு டிக்கெட் வாங்கினோம். பஸ் காவிரிப் பாலத்துக்கு வந்தபோது அவள் கேட்டாள்.

"ஏன்டா, அந்தப் பெரியவர் சொன்னாரே குறியீடு, அதெல்லாம் இல்லல்ல? உனக்கு மூஞ்சி வரைய வரல, அவ்வளவுதானே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தேன். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

"எங்கிட்ட குடுத்திருந்தா நானே வரைஞ்சு குடுத்திருப்பேனே" என்றாள்.