முத்துநாயகத்துக்கு ஆஜர் சொன்னவர்

ராஜையன் பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்து பத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மதிப்புக்கு ஒன்றும் குறைவில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே உட்கார வைப்பார்கள். சோறு விளம்புவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவன் காதோடு காதாகக் கேட்பான், மிலிட்டரி ரம் குப்பி ஒன்று கிடைக்குமா என்று. அந்த மதிப்பு குப்பிக்கு உள்ளது, தனக்கு இல்லை என்பது ராஜையனுக்கு வந்த வருடமே புரிந்துவிட்டது.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஷிஜி மஸ்கட்டில் நர்ஸ். கொஞ்ச நாள் ஒரு நகைக்கடை வாசலில் காவலுக்கு நின்றார். காரில் வந்து இறங்கும் நேற்றுப் பிறந்த பையன்களுக்கெல்லாம் கதவைத் திறந்து சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். போங்கடா என்று விட்டுவிட்டு வந்தார். அப்புறம் அவருக்கென்று மிஞ்சியது கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஷாஜனின் சாயாக்கடைதான்.

ஷாஜனும் பட்டாளத்தில் இருந்தவன், வயதில் இளையவன். சாயங்காலம் ஆனால் அவன் கடை பெஞ்சில் ஏழெட்டுப் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடிவிடுவார்கள். சங்கம், தலைவர், சந்தா என்று எந்தத் தொந்தரவும் கிடையாது. ஒருத்தனுக்கு ரத்தம் வேண்டுமென்றால் எல்லோரும் கையை நீட்டுவார்கள். ஒருத்தன் மகளுக்குக் கல்யாணம் என்றால் பந்தல் போடுவதிலிருந்து எச்சில் இலை எடுப்பது வரை நிற்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒருத்தன் மனசில் இருப்பதைச் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும் விடமாட்டார்கள்.

பட்டாளத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு சிக் ரிப்போர்ட் என்று பெயர். அடிக்கடி கொடுக்கிறவனை வேலைக்கு உடம்பு வளையாத கள்ளன் என்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டு வந்திருந்தார்கள். யாராவது முட்டு வலி என்றால் போதும், எல்லோரும் ஒரே குரலில் "சிக் ரிப்போர்ட்!" என்று கத்துவார்கள். சொன்னவன் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுக்க வேண்டும்.

முத்துநாயகம் ராஜையனோடு ஒரே பாரக்கில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். போன கோடையில் ஒரு நாள் அவர் மெதுவாகச் சொன்னார், "லேய் ராஜையா, எனக்கு ராத்திரி உறக்கமே இல்லடே. நெஞ்சுல ஆரோ ஏறி இருக்கது போல இருக்கு."

"சிக் ரிப்போர்ட்!" என்று முதலில் கத்தியது ராஜையன்தான். முத்துநாயகமும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் சாயா சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொன்னதில்லை. சில நாள் கடைக்கு வரவும் மாட்டார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சீட்டாடவோ குடிக்கவோ போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆண்பிள்ளை தனியாகப் போனால் வேறு எங்கே போவான் என்பது அவர்கள் கணக்கு.

இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டாளத்தில் ஆள் எண்ணும்போது ஒருத்தன் இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிறவன் காட்டிக்கொடுக்க மாட்டான். "கக்கூஸ் போயிருக்கான் சாப்" என்பான். அதுதான் சிநேகிதம். ஊருக்கு வந்தபிறகு ஆள் எண்ணும் அதிகாரி இடத்தில் பெண்டாட்டிமாரை வைத்துவிட்டார்கள். எந்த வீட்டுக்காரி போன் செய்து தன் புருஷனைக் கேட்டாலும், எடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டு ஆஜர் சொல்லிவிடுவான்.

அன்றைக்குச் சாயங்காலம் முத்துநாயகம் வரவில்லை. அவர் மனைவி பூங்கனி ராஜையனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவரு போன் எடுக்க மாட்டேங்காரு. அங்ஙன உண்டா?"

ராஜையன் யோசிக்கவே இல்லை. "உண்டு, உண்டு. பொறத்த கை கழுவப் போயிருக்கான்."

"அப்ப செரி அண்ணா" என்று அவள் வைத்துவிட்டாள். பெஞ்சில் ஒரே சிரிப்பு. ஷாஜன் ராஜையனுக்கு ஒரு பழம்பொரி இனாமாகக் கொடுத்தான்.

இருட்டும் நேரத்தில் செய்தி வந்தது. முத்துநாயகம் இனயம் கடற்கரையில் அலை தடுக்கப் போட்டிருக்கும் கல்லின்மேல் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தார். வலைக்காரர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எல்லா டாக்டரும் சொல்வதுதான் என்று ஷாஜன் ஆறுதல் சொன்னான். ராஜையனுக்கு அது ஆறுதலாக இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எல்லோரும் சேர்ந்து துக்க வீட்டுக்குப் போனார்கள். போகும் வழியிலேயே முடிவு பண்ணியாயிற்று. போன் வந்தபோது முத்துநாயகம் கடையில் இருந்தார், அப்புறம்தான் எழுந்து போனார். அவ்வளவுதான். ராஜையன் வாயைத் திறக்கக் கூடாது.

பூங்கனி தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். அவர்களைக் கண்டதும் நிமிர்ந்து கேட்டாள், "நான் கூப்பிட்டப்ப அவரு எப்படி அண்ணா இருந்தாரு?"

ஷாஜன் முந்திக்கொண்டான். "நல்லாத்தான் இருந்தாரு அக்கா. சாயா குடிச்சாரு. சிரிச்சிட்டுதான் போனாரு." மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப பாவி நான்தான். காலையிலயே அவருக்க மொகம் செரியில்ல. போன அவருட்ட குடுங்கன்னு ஒரு வார்த்த கேட்டேனா? கொரலக் கேட்டா எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

ராஜையனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. செய்தது இவர், அடி வாங்குவது அவளா? வெட்கமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. ஷாஜன் கையைப் பிடித்து இழுக்க இழுக்கச் சொல்லிவிட்டார்.

"பூங்கனி, நீ ஒண்ணும் செய்யல. அவன் அன்னைக்கு கடைக்கு வரவே இல்ல. நான் பொய் பறஞ்சேன். நீ அவனத் திட்டுவேன்னு நெனச்சேன்."

அவள் கை அப்படியே நின்றது. ராஜையனை நிமிர்ந்து பார்த்தாள். அழுகைகூட நின்றுபோயிருந்தது.

"நான் எதுக்குத் திட்டப் போறேன்? நெஞ்சு வலிச்சா இனயத்துக்குத்தான் போவாரு. கடக் காத்து கொள்ளணும்பாரு. எனக்குத் தெரியும். கடையில இல்லன்னா அங்ஙன போய் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் ஒங்களக் கூப்பிட்டேன். ஆட்டோ வாசல்ல நின்னுது அண்ணா. கடையில இருக்காருன்னு நீங்க சொன்னதும் வலி இல்லன்னு நெனச்சுத் திருப்பி அனுப்பிட்டேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வைதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வெளியே ரோட்டுக்கு வந்ததும் ஷாஜன் எரிந்து விழுந்தான். "எதுக்கு அண்ணே வாயத் தொறந்தீரு? நாங்கதான் சமாளிச்சிட்டமே. இனி நம்மள ஆரு மதிப்பா?" மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தனக்காகப் பொய் சொன்ன ஒருத்தனையும் அப்போது ராஜையனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார். போவதற்கு வேறு இடம் இல்லை. ஷாஜன் கடைக்குத்தான் போனார்.