அணைத்து வைத்த புள்ளிக்கோடு

நசீம் பானுவுக்கு வீடு என்றால் கோடுதான். ஐ.டி.ஐ. முடித்த கையோடு திருவண்ணாமலையில் இராமலிங்கம் என்ஜினியரின் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவள், ஊரில் பாதிப் பேருக்கு பிளான் போட்டிருப்பாள். சுவருக்கு இரட்டைக் கோடு. தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, பரண் போன்றவற்றுக்குப் புள்ளிக்கோடு. அதைப் பார்த்து மேஸ்திரி கட்டிவிடுவார், வீட்டுக்காரர் பால் காய்ச்சிவிடுவார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வந்தது இந்த த்ரீடி. வருகிறவர்களெல்லாம் "படம் காட்டுங்க சார்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கோட்டைப் பார்த்து வீட்டை நினைத்துப் பார்க்கிற பொறுமை இப்போது யாருக்கு இருக்கிறது? "ஒன்னு நீ கத்துக்கோ பானு. இல்லாட்டி கத்துக்கிட்ட ஆளா பார்த்து நான் வெக்கணும்" என்றார் இராமலிங்கம். அவர் சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் சுருக்கென்று தைத்தது.

மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றாள். தரையில் கட்டம் போட்டு, அதைப் பிடித்து மேலே இழுத்தால் சுவர் எழும்ப வேண்டும். வீடியோக்காரனுக்கு எழும்பியது, அவளுக்கு எழும்பவில்லை. கோடு எங்கேயாவது மயிரிழை விட்டுப்போயிருந்தால் கம்ப்யூட்டர் அதைக் கட்டமாகவே ஒத்துக்கொள்ளாதாம். என்ன அழிச்சாட்டியம் இது! அதிலும் குறுக்கே ஓடிய புள்ளிக்கோடுகள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கடைசியில் பிளானை உள்ளே கொண்டுவரும்போதே புள்ளிக்கோடுகளை மொத்தமாக அணைத்து வைக்கப் பழகிக்கொண்டாள். சுவர்கள் மடமடவென்று எழும்பின.

அவள் தனியாகச் செய்த முதல் வீடு அடி அண்ணாமலை குமரேசனுடையது. கிரிவலப் பாதையில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி அருணாதேவி கடைப் பரணிலிருந்து விழுந்து, முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். "ஒன்னே ஒன்னுதான் மேடம். கார்த்திகை தீபம் இவ படுத்த எடத்துலருந்து தெரியணும். மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும்" என்றார் குமரேசன்.

பானு அளவு பார்த்துப் படத்தில் மலையையும் வைத்தாள். கட்டில் வரும் இடத்தில், தலையணை உயரத்தில் கேமராவை நிறுத்தினாள். மலை உச்சி முழுசாக ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்தது. இராமலிங்கம் மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டினார். லேப்டாப்பை எடுத்துப்போய்க் காட்டியபோது அருணாதேவி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு பானுவுக்குத் தலைகால் புரியவில்லை.

குமரேசன் வீட்டில் ஜன்னல்களுக்கு மேல் கான்கிரீட் போட்டு, தாங்கிய பலகையும் பிரித்த பிறகுதான், வேறொரு வீட்டின் படத்தைப் பார்த்து இராமலிங்கம் கேட்டார்: "எங்கம்மா சன்ஷேடக் காணோம்?"

பானுவுக்கு அப்போதுதான் உறைத்தது. புள்ளிக்கோட்டில் இருந்ததெல்லாம் அணைந்தல்லவா கிடந்தது! மேஸ்திரி கையிலிருந்த பிளானில் அது அப்படியே இருந்தது, அவர் கட்டியும்விட்டார். குமரேசன் வீட்டைத் திறந்து, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடை வைத்துப் பார்த்தாள். மலையின் இடுப்பு இருந்தது. உச்சியைக் காணோம்.

"வுடு. கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டா போச்சு" என்றார் இராமலிங்கம். அதையும் அவள் கம்ப்யூட்டரில் செய்து பார்த்திருந்தாள். உச்சி தெரிகிற அளவுக்கு ஜன்னலோரம் தள்ளினால், அருணாதேவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கழிவறைக்குத் தள்ளிப்போகும் வழி அடைபட்டுவிடும்.

மறுநாள் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று ஆட்டோ பிடித்துப் போனாள். குமரேசன் முந்திக்கொண்டுவிட்டார். பூச்சு வேலைகூட ஆகாத அறையில் கட்டிலைப் போட்டு, மனைவியைத் தூக்கிவந்து படுக்க வைத்திருந்தார்.

"வாங்க மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க! தேவி, தெரியுதா?"

"தெரியுதுங்க. நல்லாத் தெரியுது."

குமரேசனுக்கு வாயெல்லாம் பல். பானு கட்டிலோரம் மண்டியிட்டு, தலையணைப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் பார்த்த அதே மலையிடுப்புதான். அதற்கு மேலே சன்ஷேடின் சிமெண்ட் அடிப்பக்கம். அருணாதேவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாத பானு" என்றாள் காதோரம். "ஆசயா கட்டிட்டாரு."

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டால் பானுவுக்கு நல்லதுதான். பேர் கெடாது, வேலைக்கும் பங்கம் வராது. ஆனால் வருஷா வருஷம் கார்த்திகையன்று இந்தச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு, தெரியுது தெரியுது என்று இவள் பொய் சொல்லிக்கொண்டு கிடப்பாளே!

"தெரியலைங்க" என்றாள் சத்தமாக. "படத்துல நான் சன்ஷேடப் போடாம வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

குமரேசனும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பானுவைப் பார்க்கவில்லை. "அப்ப எதுக்குடி தெரியுதுன்ன?" என்று மனைவியைக் கேட்டார். அருணாதேவிக்குக் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அவர் ஃபோனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். "சன்ஷேட ஒடைக்கணும்பா. ஆமா, நேத்துப் பலகை பிரிச்சதுதான். மழ உள்ள அடிக்கும்னு எனக்குந்தான் தெரியும். அடிச்சா அடிக்கட்டும், தார்ப்பாய் கட்டிக்கிறோம். நீ வா."

பிறகு, "நீங்க கெளம்புங்க மேடம்" என்றார்.

பானு எழுந்திருக்கத்தான் பார்த்தாள். அருணாதேவி அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.