கரை மறையும்போது சொல்வது

என் கணவர் வீட்டு வாசலில் நின்று "போய்ட்டு வரேன்" சொல்லமாட்டார். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டு ஆண்களும் மோட்டாரை முறுக்கிக்கொண்டே அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். இவர் மட்டும் பையைத் தோளில் மாட்டி, செருப்பைக் காலில் நுழைத்து, கேட்டைத் திறந்துகொண்டே, "கேஸ் தோங் முடியப்போகுது, மாத்திடு" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். பல நாள் கடலுக்குப் போகிற மனிதர் கடைசியாகச் சொன்னது கேஸ் சிலிண்டர் என்றால் ஒருத்திக்கு எப்படி இருக்கும்?

போர்ட் கிள்ளானிலிருந்து சரக்குப் படகுகளை இழுத்துச் செல்லும் இழுவைப் படகில் அவருக்கு இஞ்சின் வேலை. மலாக்கா நீரிணையைத் தாண்டி சுமத்ரா துறைமுகங்களுக்குப் போய் வருவார்கள். ஒருநாள் நான் சண்டைக்கே போய்விட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"வாசல்ல சொன்னா அது வாசலோட போச்சு. கரை மறையறப்ப சொன்னாத்தான் திரும்பி வரணும்னு அதுக்கு ஞாபகம் இருக்கும்."

'அது' என்றது படகையா கடலையா என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. படகு கேத்தாம் தீவைத் தாண்டியதும் போன் வரும். அடைத்துக்கொண்ட சாக்கடை, அவர் தங்கையின் பிடிவாதம், பக்கத்து வீட்டுப் பூனை என்று எதையாவது பேசுவோம். பேசப் பேச அவர் போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். கடைசிக் கோடு வந்ததும் குரல் உடைய ஆரம்பிக்கும். அப்போது, "சரி, போய்ட்டு வரேன்" என்பார். "போய்ட்டு வாங்க" என்பேன். லைன் தானாகவே போய்விடும். இத்தனை வருடத்தில் அந்தப் பேச்சை முடிக்க நாங்கள் இருவரும் பொத்தானை அமுக்கியதே இல்லை. அந்த வேலையைக் கடல் பார்த்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் திரும்பும்வரை பேச்சு கிடையாது. அக்கரை லைனில் அவர் சிம் வேலை செய்யாது. படகில் சாட்டிலைட் போன் ஒன்று உண்டு. அது கேப்டன் கையில், ஆபத்துக்கு மட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் பிழைப்பே சிக்னல்தான். உறவுக்காரர்கள் கேட்டால் "போன் லைன் சம்பந்தமான வேலை" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். உடனே, "எங்க வீட்டு சமையக்கட்டுல லைனே வரமாட்டேங்குது" என்று புகார் வரும். நான் பார்ப்பது அதுவல்ல. எந்த அலைவரிசையை எந்த நாடு எங்கே, எவ்வளவு பலத்தோடு பயன்படுத்தலாம் என்று அண்டை நாடுகளோடு உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் என் வேலை. ரேடியோ அலை இமிகிரேஷன் வரிசையில் நிற்பதில்லை. இந்தக் கரையில் கிளம்பினால் அந்தக் கரையில் போய் இறங்கிவிடும். அதனால் கடலின் நடுவே ஒரு கோடு வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டருகே உன் சிக்னல் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது, என்னுடையதும் அப்படியே என்று ஒப்பந்தம் போடுவோம்.

சமீப காலமாகக் கூட்டங்களில் இன்னொரு விஷயமும் வருகிறது. கைபேசியே நேராகச் சாட்டிலைட்டோடு பேசுவது. மேலிருந்து விழும் ஒரு கற்றை பல நாடுகளை ஒன்றாக நனைக்கும் என்பதால் எல்லோரும் தலையாட்டினால்தான் நடக்கும். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் "மேலும் ஆராயப்படும்" என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

அக்கரையில் என்னைப் போலவே ஓர் அதிகாரி, பெண். பல வருடங்களாக எங்களுக்குள் மின்னஞ்சல் சண்டை. நான் எந்த வரைவை அனுப்பினாலும் மூன்றாம் பத்தியைப் பிரித்துப் போட்டுவிடுவாள். முதல் பத்தியில் கோட்டை விட்டிருந்தாலும் கண்டுகொள்ளமாட்டாள், மூன்றாம் பத்தியை மட்டும் விடமாட்டாள். மனதுக்குள் அவளுக்கு 'மூன்றாம் பத்தி' என்றே பெயர் வைத்திருந்தேன். அவளிடமிருந்து வருகிற மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இம்முறை கூட்டம் கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரலை ஒட்டிய ஒரு ஹோட்டலில் நடந்தது. மூன்றாம் பத்தி நேரில் வந்தாள். என் தோளுயரம்கூட இல்லை. வெயிலும் அமைதியுமான நாட்களில் கடல்மேல் நிற்கும் வெதுவெதுப்பான காற்று எங்கள் கரைச் சிக்னலை அப்படியே ஏந்திக்கொண்டு போய் அவர்கள் கரையில் இறக்கிவிடுகிறது என்று அளந்து காட்டினாள். அங்கே மீன்பிடிப்பவர்களின் போன்கள் குழம்பிப்போய் எங்கள் நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றனவாம். கரையோர டவர்கள் சிலவற்றில் ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும் என்பது அவள் கோரிக்கை.

திரையில் வரைபடம் வந்தது. சிவப்புப் புள்ளிகளில் ஒன்றைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கேத்தாம் தீவு தாண்டியபின் என் கணவரின் குரலைத் தூக்கிக்கொண்டு வருவது அந்த டவர்தான். அதைச் சாய்த்தால் கடைசிக் கோடு வெகு முன்னாலேயே போய்விடும்.

தேநீர் இடைவேளையில் என் மேலதிகாரி பக்கத்தில் வந்தார். என் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியும்.

"அந்த ஒண்ண மட்டும் கப்பல் பாதைக்குத் தேவைன்னு எழுதி, சாய்க்காம விட்டுடலாமா? நீங்க எழுதினா யாரும் கேக்கமாட்டாங்க லா," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதில் பொய்யும் இல்லை, கப்பல்காரர்கள் அதைப் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள். அதனால்தான் எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பொய்யென்றால் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன்.

மதியம் விருந்தாளிகளைச் சாப்பிட அழைத்துப்போகும் பொறுப்பில் மூன்றாம் பத்தி என் பங்குக்கு வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் வாழையிலைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கையால் பிசைந்து, என்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டு, மலாயில் சொன்னாள்:

"உங்கள் டவர் ரொம்பப் பாசமானது. கூப்பிடாமலே எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது."

எனக்குச் சிரிப்பில் ரசம் மூக்குக்கு ஏறிவிட்டது. அவளே தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். "வெறுக்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல், அவ்வளவுதான்," என்றாள். இத்தனை வருடச் சண்டையில் இவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்படி மடித்தால் சாப்பாடு திருப்தி, மறுபடியும் வருவேன் என்று அர்த்தம் என்றேன். மூன்றாம் பத்தியைப் பார்க்கும் அதே கவனத்தோடு மடித்து வைத்தாள்.

அன்று மாலை கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தபோது என் கணவர் வீட்டில் இருந்தார். அடுத்த பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. மின்விசிறியைக் கழற்றித் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். நான் கைப்பையைக்கூட வைக்காமல் டவர் கதையைக் கொட்டினேன்.

"என் பொண்டாட்டியே என் லைன வெட்டப் போறாளா? நல்லா இருக்கே கத," என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. நான் எழுதினா அத நிறுத்தலாம்."

அவர் விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க படகு சமையல்காரர் இருக்காரே, அவரு அந்தக் கரை ஆளு, அங்க ஒரு கம்பத்துல வீடு. கரை கிட்ட போனா அவரு கம்பத்து பள்ளிவாசல் கண்ணுக்கே தெரியும். ஆனா போன்ல நம்ம ஊரு கம்பெனி பேரு காட்டும், பேசத்தான் முடியாது. பொண்டாட்டிகிட்ட பேசணும்னு போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடப்பாரு பாவம். அடுப்புல சோறு கருகிப்போயிடும். அதத் திங்கறது நாங்க." பிறகு என்னைப் பார்க்காமலே, "சாய்ச்சிடு லா," என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே! நானல்லவா நாள் முழுக்க ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப நீங்க 'போய்ட்டு வரேன்' சொல்றது?"

"முன்னாடியே சொல்லிடறேன்."

"மறந்துடுவீங்க."

"மறக்கமாட்டேன்."

மறுநாள் அந்த டவரையும் சேர்த்தே வரைவை எழுதினேன். யாரோ ஒருத்தி அக்கரையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தபின் வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை. எழுதி முடித்ததும் அழுகை வந்தது. ஓர் ஆன்டெனாவுக்காக அழுத அதிகாரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வரைவை அனுப்பினேன். முதன்முறையாக மூன்றாம் பத்தியில் கை வைக்காமல், "சம்மதம். நன்றி" என்று பதில் வந்தது.

சில மாதம் கழித்து ஆன்டெனாக்களைச் சாய்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் பயணத்தன்று, வேலை முடிந்து கே.எல். சென்ட்ரல் நடைமேடையில் ரயிலுக்கு நின்றேன். போன் வந்தது. குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி ஆரம்பித்தார். எனக்குக் குழாய் காதில் ஏறவேயில்லை.

"லைன் போயிடும், சொல்லிடுங்க," என்றேன்.

"இரு இரு, பைப்புக்காரர் வந்தா, வெள்ளை டேப் சுத்தறப்ப ரொம்ப இழுக்க வேணாம்னு சொல்லு, அது..."

போய்விட்டது. முன்பெல்லாம் குரல் உடைந்து உடைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். இது கத்தரிக்கோலால் வெட்டியது போல இருந்தது. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. என் ரயில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. நான் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த வழக்கம் வந்தபின் அவர் சொல்லாமல் போன ஒரே பயணம் அது. படித்தவள், இன்ஜினியர், இதையெல்லாம் நம்பலாமா என்று என்னையே அதட்டிப் பார்த்தேன். அதட்டல் எடுபடவில்லை. வானிலை அறிக்கையைத் திறந்து திறந்து பார்த்தேன். கடல் அமைதி என்று போட்டிருந்தால், பொய் சொல்கிறார்கள் என்று தோன்றியது. ஒழுகும் குழாயை அப்படியே விட்டு வைத்தேன். அவர் வந்துதான் அதைச் சரிசெய்ய வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது.

அந்த வாரம் ஒரு மதியம், அலுவலகத்தில் கூட வேலை செய்யும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்ணோடு அதே வாழையிலைக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண்.

"ஸ்கேமர் லா அக்கா, கட் பண்ணுங்க," என்றாள் அவள்.

இடது கையால் வெட்டினேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் வெட்டினேன். தெரியாத வெளிநாட்டு எண்ணை எடுக்காதீர்கள் என்று எங்கள் அலுவலக லிப்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். மூன்றாவது முறையும் அடித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. பல நாளாக யாரையாவது திட்டித் தீர்க்க வேண்டும் போல இருந்தது, ஆள் கிடைத்தான் என்று எடுத்தேன்.

"யாருடா நீ? என் பார்சல் எங்கயும் மாட்டிக்கல. எனக்கு எந்தக் கோர்ட்லயும் கேஸ் இல்ல. உனக்கு வேற வேலை இல்லையா?"

 "நான்தான் லா," என்றது ஒரு குரல்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சமையல்காரர் போன்லேருந்து பேசறேன். அவங்க கரை கிட்ட வந்துட்டோம். லைன் ஃபுல்லா இருக்கு, இந்த வருஷத்துலயே இப்படி வந்ததில்லன்னு சொல்றாரு. இவ்ளோ நேரம் பொண்டாட்டிகிட்ட பேசிட்டு இப்பத்தான் கையில குடுத்தாரு. இன்னிக்கு சோறும் கருகல." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்குச் சொல்ல மறந்துட்டேன்."

"என்னத்த?" என்றேன், தெரியாதவள் போல.

"போய்ட்டு வரேன்."

கையில் குழம்பு. கண்ணைத் துடைக்க முடியவில்லை. எதிரில் இருந்த தங்கச்சி பதறிப்போய், "என்னக்கா, காரமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"போய்ட்டு வாங்க," என்றேன்.

வழக்கமாக அந்த இடத்தில் லைன் போய்விடும். அன்று போகவில்லை. அவர் மூச்சு கேட்டது, இஞ்சின் கேட்டது, பின்னால் யாரோ கரண்டியால் சட்டியைத் தட்டுவதுகூடக் கேட்டது. சுத்தமான லைன். இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"வை," என்றார் அவர்.

"நீங்க வைங்க."

"இது அவரு போனு. எத அமுக்கணும்னு தெரியல," என்று பொய் சொன்னார்.

இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.