டீச்சரின் சுண்டுவிரல்

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்ட நர்ஸ், "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கக்கா" என்றாள். வயலினின் மேல் ஷட்ஜம் போல மெல்லிய ஒலி ஒன்று வந்தது.

எண்பதுகளில் ஓசூர் காலனியின் சமுதாயக் கூடத்தில் ஞாயிறுதோறும் இசைப் பள்ளி நடக்கும். வயலின் சார், இரும்புத் தகடுகளை இடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பின் இரைச்சலில் வேலை செய்தவர். குளித்துவிட்டு வந்தாலும் மெஷின் ஆயில் வாசனை போகாது. பாட்டு டீச்சர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். சாருக்கு எதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். நாங்கள் சுரம் தப்பினால் அவருடைய சுண்டுவிரல் மடங்கும். உடனே சார், "மறுக்கா வாசி" என்பார். இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு டீச்சர் வரவில்லை. அன்று நான் மேல் ஷட்ஜத்தைப் படுமோசமாகத் தப்பினேன்.

"நல்லா வந்திருக்கு கண்ணு" என்றார் சார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அப்பாக்களும் பிரஸ் ஷாப்தான். வீட்டில் கத்திப் பேசியே பழகியிருந்தோம்.

"தப்பு சார், மறுக்கா வாசிக்கிறேன்" என்றேன்.

அதன் பிறகு டீச்சர் வராத நாட்களில் எல்லாரும் அப்படியே சொன்னோம். சார் தலையாட்டுவார். ஏன் என்று கேட்டதில்லை.

ஹெட்போனில் ஒலி மெலிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸின் விரல் கருவியைத் தட்டும்போதெல்லாம் நானும் பட்டனை அமுக்கினேன்.